கால் ஒடிந்து தொங்குகிறது, டாக்டர் முக்கால் மணி நேரம் காலைத் தொடவே இல்லை. இது சரியா?

வைகைக்கரை:

வணக்கம். கொஞ்சம் கோபத்தில்தான் எழுதுகிறேன், என் மேல் தப்பு இருந்தால் நேராகவே சொல்லுங்கள்.

எங்கள் வீட்டு நாய் மணி. நாட்டு நாய்தான், மூன்று வயது, 16 கிலோ. சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு கேட் திறந்த நேரம் பார்த்து ரோட்டுக்கு ஓடி ஒரு ஷேர் ஆட்டோவில் அடிபட்டுவிட்டான். இடது பின்னங்கால் முட்டிக்குக் கீழே ஒடிந்து தொங்குகிறது, எலும்பு வெளியே தெரிகிறது. அம்மா ஓடிப்போய் மஞ்சள்தூளை அள்ளி அப்பினார், நான் வாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன், பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு கயிற்றால் தொடையை இறுக்கிக் கட்டினார், அப்படியே அவனை வாரித் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு ஆட்டோவில் ஓடினோம். 40 நிமிடம் ஆனது.

ராத்திரி திறந்திருக்கும் ஒரு தனியார் கிளினிக், பெயர் வேண்டாம். உள்ளே போன உடனே எடுத்துக்கொண்டார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டாக்டர் காலைப் பார்க்கவே இல்லை. கயிற்றை அவிழ்த்து ஒரு துணியை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கிறார், விரலால் அமுக்குகிறார், தொடையின் உள்பக்கம் கையை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கிறார். மூக்குக்கு ஆக்சிஜன். அப்புறம் விலாவில் ஊசியைக் குத்தி எதையோ இழுத்தார். அந்த நேரம் ஒரு அம்மா கூடையில் பூனையைக் கொண்டுவந்தார். பூனை மேல் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. டாக்டர் மணியை உதவியாளரிடம் விட்டுவிட்டு அந்தப் பூனையிடம் போய்விட்டார்! கால் மணி நேரம். திரும்பி வந்து வயிற்றில் ஸ்கேன், டிரிப், இரண்டு மூன்று ஊசி. கடைசியில்தான் காலைக் கழுவி ஈரத்துணி வைத்துச் சிம்பு கட்டினார். "எக்ஸ்ரே நாளைக்கு, ஆபரேஷன் மூன்று நாலு நாள் கழித்துப் பார்க்கலாம்" என்றார்.

எலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது இப்படிச் செய்யலாமா? முதலில் வந்தவனுக்கு முதலில் என்பது கிடையாதா? நாங்கள் வீட்டில் செய்ததில் எது சரி, எது தப்பு?

மாட்டாஸ்பத்திரி டாக்டர்:

தம்பி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்த டாக்டர் செய்த வரிசை கிட்டத்தட்ட பாடப்புத்தக வரிசை. நான் அங்கே இல்லை, அதனால் அவருக்கு நூற்றுக்கு நூறு போடமாட்டேன், ஆனாலும் அடிப்படை சரி.

கால் ஒடிந்து எந்த நாயும் ஒரு மணி நேரத்தில் சாவதில்லை. மூச்சு நின்றால் சில நிமிடத்தில் செத்துவிடும், உள்ளே ரத்தம் கொட்டினால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அதனால்தான் முதலில் மூச்சுப்பாதை, பிறகு மூச்சு, பிறகு ரத்த ஓட்டம், அதன்பின் தலை, முதுகுத்தண்டு என்று போவோம். மேசைக்கு வந்த முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில் இந்த நாலும் தெரிந்துவிட வேண்டும். எலும்பு இந்தப் பட்டியலில் கடைசிக்குப் பக்கம். சிரமம் என்னவென்றால், கண்ணைப் பறிப்பது எலும்புதான். கொண்டுவருகிறவர், உதவியாளர், புதிதாகப் படித்து வந்த டாக்டர் எல்லோரும் ஒடிந்த காலையே பார்த்துக்கொண்டிருப்போம், பக்கத்தில் விலா தூக்கித் தூக்கிப் போடுவது கண்ணில் படாது. நானே படித்து முடித்த முதல் வருஷத்தில் ஒரு டாபர்மேனுக்குக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது அது என் கையிலேயே போனது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிந்து குடல் நெஞ்சுக்குள் ஏறியிருந்தது, நான் நெஞ்சில் குழாயை வைத்தே பார்க்கவில்லை.

உங்கள் மணிக்கு விலாவில் ஊசி போட்டு இழுத்தது காற்று. வண்டி மோதும்போது நாய் மூச்சை அடக்கிக்கொள்ளும், நெஞ்சு நசுங்கும், ஊதிய காகிதப் பையை அடித்தால் வெடிக்கிற மாதிரி நுரையீரல் எங்காவது கிழியும். காற்று நுரையீரலுக்கு வெளியே, நெஞ்சுக்கூட்டுக்குள் சேர்ந்துவிடும், நுரையீரல் விரிய இடமிருக்காது. அந்தக் காற்றை இழுத்தால் உடனே மூச்சு இலகுவாகும். கிழிசல் பெரும்பாலும் தானே அடைத்துக்கொள்ளும், அடைக்காவிட்டால் குழாய் வைக்க வேண்டிவரும். இதைச் செய்யாமல் உங்கள் ஆசைப்படி முதலில் எக்ஸ்ரே மேசையில் மல்லாத்திப் போட்டிருந்தால் அந்த மேசையிலேயே முடிந்திருக்கலாம். மூச்சுத் திணறும் பிராணியை எக்ஸ்ரேக்காக நீட்டி மடக்குவது எங்கள் தொழிலில் பழைய பாவம்.

ஈறை அமுக்கியது ரத்த ஓட்டத்துக்கு. விரலை எடுத்ததும் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். ஈறு இளஞ்சிவப்பாக இருந்தால் நிம்மதி. வெளுத்திருந்தால் ரத்த இழப்பு அல்லது அதிர்ச்சி (பயத்தைச் சொல்லவில்லை, ரத்த ஓட்டம் விழுந்துபோகும் நிலை), நீலம் ஓடினால் ஆக்சிஜன் இல்லை. தொடையின் உள்பக்கம் பார்த்தது நாடி. வளர்ந்த நாய்க்கு நிமிடத்துக்கு 60 முதல் 140 வரை, பெரிய நாய்க்குக் குறைவாகவும் சின்ன நாய்க்குக் கூடுதலாகவும் இருக்கும். 180 ஓடி, அதுவும் நூல் மாதிரி மெலிந்து கிடைத்தால் உள்ளே ரத்தம் போகிறது என்று சந்தேகப்பட வேண்டியதுதான். நாயின் உடலில் கிலோவுக்கு 80, 90 மில்லி ரத்தம். மணிக்கு ஒன்றே கால் முதல் ஒன்றரை லிட்டர் இருக்கலாம். கால் லிட்டருக்கு மேல் வயிற்றுக்குள் போனாலும் வெளியே ஒரு சொட்டு தெரியாது. அதற்குத்தான் ஸ்கேன். வயிற்றில் நாலு இடத்தில் மட்டும் வைத்து திரவம் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்போம், ஐந்து நிமிட வேலை. முதல் தடவை இல்லாவிட்டாலும் சில மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.

பூனை விஷயம். கூடையில் இருந்த பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். நாய் ஓடிவிட்டு வந்தால் வாயைத் திறந்து இரைக்கும், அது இயல்பு. பூனை அப்படி இரைத்தால் பெரும்பாலும் கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். மாடியிலிருந்து விழுந்த பூனை வெளியே சுத்தமாக இருக்கும், உள்ளே நொறுங்கியிருக்கும். மணியின் நெஞ்சுக் காற்றை எடுத்தாயிற்று, ஆக்சிஜன் ஓடுகிறது, பக்கத்தில் ஆள் இருக்கிறது, அவன் பதினைந்து நிமிடம் தாங்குவான். பூனை தாங்காது. இதை ட்ரையாஜ் என்போம். ரேஷன் கடை வரிசை மாதிரி வந்த வரிசை கிடையாது, யார் முதலில் சாவார்களோ அவர்கள் முன்னால். அவர் செய்த ஒரே தப்பு, "ஏன் போகிறேன்" என்று உங்களிடம் ஒரு வரி சொல்லாமல் போனது. எங்களில் பலருக்கு அந்தப் பழக்கம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

காலை விட்டுவிட்டார் என்பதும் முழு உண்மையில்லை. அந்த இரண்டு மூன்று ஊசியில் வலிக்கு ஒன்றும் ஆன்டிபயாடிக் ஒன்றும் இருந்திருக்கும். எலும்பு வெளியே தெரியும் முறிவுக்கு அவசரம் என்பது சீக்கிரம் ஆன்டிபயாடிக், சுத்தமாகக் கழுவி மூடுவது, ஆடாமல் கட்டுவது. எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் பிளேட் வைப்பது நாயின் நெஞ்சு மயக்க மருந்தைத் தாங்கும் நிலைக்கு வந்த பிறகு. நசுங்கிய நுரையீரல் முதல் ஒன்றிரண்டு நாளில் மோசமாகிவிட்டுப் பிறகுதான் தேறும், அதனால் ஞாயிறு அன்று மணி சனிக்கிழமையைவிடச் சோர்வாகத் தெரிந்தால் பதறாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் வீட்டில் செய்தது: மஞ்சள்தூள் வேண்டாம், அதைக் கழுவி எடுக்கவே அவருக்குப் பத்து நிமிடம் போயிருக்கும். தண்ணீர் வேண்டாம், புரையேறும், மயக்க மருந்து கொடுக்கும்போதும் ஆபத்து. கயிறு வேண்டவே வேண்டாம். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தாலே போதும், நனைந்தால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொரு துணி. எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்துவிடும். உடனே கிளம்பினீர்கள் பாருங்கள், அது சரி. மற்ற எல்லாத் தப்பையும் அது ஈடுகட்டிவிட்டது.

சும்மா ஒருத்தன்:

எல்லாம் சரி டாக்டர், ஆனால் வந்தவுடன் ஸ்கேன், ஆக்சிஜன், டிரிப் என்று பில் போடுவதற்கும் இதே விளக்கத்தைத்தானே சொல்வார்கள்? எங்கள் ஊரில் நாய்க்கு லேசாக அடிபட்டால்கூட எல்லா டெஸ்டும் எழுதுகிறார்கள். என் நாய் ஒரு தடவை வண்டியில் அடிபட்டு எழுந்து ஓடிவந்துவிட்டது, ஒன்றும் செய்யவில்லை, இன்றுவரை நன்றாக இருக்கிறது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர்:

பில்லுக்காக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஈறு பார்ப்பதற்கும் நாடி எண்ணுவதற்கும் காசு கிடையாது, முடிவில் பாதி அதிலேயே தெரிந்துவிடும். அடிபட்ட பிராணிக்கு மதிப்பெண் போடும் முறையே ஒன்று இருக்கிறது, 1994இல் வந்தது. ரத்த ஓட்டம், இதயம், மூச்சு, கண்-தசை-தோல், எலும்பு, நரம்பு என்று ஆறு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 18. மதிப்பெண் ஏற ஏற பிழைக்கும் வாய்ப்பு குறையும். கையும் கண்ணும் இருந்தால் பெரும்பாலும் போட்டுவிடலாம். ஆறில் ஒன்றுதான் எலும்பு என்பதைக் கவனியுங்கள்.

எழுந்து ஓடிவந்த நாய் பிழைத்தது உங்கள் அதிர்ஷ்டம். அப்படி ஓடிவந்து வாலை ஆட்டிவிட்டு மறுநாள் சாகும் நாய்களையும் பார்த்திருக்கிறேன். சிறுநீர்ப்பை கிழிந்திருந்தால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் சாப்பிடாது, வாந்தி எடுக்கும். ஒன்றுக்குப் போகிறதே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது, கிழிசல் இருந்தும் கொஞ்சம் போகும். அதனால் அடிபட்ட நாயை ஒரு நாளாவது கண்ணில் வைத்திருக்க வேண்டும்.

தெருவோரத் தோழி:

வைகைக்கரை அண்ணா, டாக்டர் சொல்லாமல் விட்டது ஒன்று. தூக்கும் விதம். நான் எட்டு வருஷமாகக் கோவையில் தெருநாய்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன், அதனால் இது கையால் கற்றது.

வாரித் தூக்காதீர்கள். முதுகெலும்பு விட்டிருந்தால் நீங்கள் தூக்கும் தூக்கிலேயே மிச்சமும் போகும். பலகை இருந்தால் பலகை, இல்லையென்றால் ஒரு லுங்கியோ போர்வையோ போதும், அதை நாயின் முதுகுப் பக்கம் விரித்து, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்து மெதுவாக அதன்மேல் இழுத்து, நாலு மூலையிலும் பிடித்துத் தூக்குங்கள். முன்னங்கால் இரண்டும் கம்பி மாதிரி நீட்டி விறைத்து, பின்னங்கால் துணி மாதிரி கிடந்தால் முதுகில்தான் அடி, அப்போது பலகை கட்டாயம். ஒரு பக்கமாகவே படுக்கட்டும். மூச்சுத் திணறி, கழுத்தை நீட்டிக்கொண்டு முழங்கையை விரித்து உட்காரும் நாயை மட்டும் படுக்க வைக்க முயற்சி செய்யாதீர்கள், எப்படி உட்கார்ந்தால் அதற்கு மூச்சு வருகிறதோ அப்படியே கொண்டுபோங்கள்.

அப்புறம் கடி. உங்கள் சொந்த நாய்தான், உங்கள் கையில் சாப்பிட்டதுதான், வலியில் கடிக்கும். அது துரோகமும் இல்லை ஒன்றும் இல்லை. பழைய வேட்டித்துணி நீளமாக ஒன்று எடுத்து மூக்கைச் சுற்றி ஒரு முடிச்சு, தாடைக்குக் கீழே கொண்டுவந்து ஒன்று, காதுக்குப் பின்னால் இழுத்து ஒன்று. மூச்சு திணறினால், வாந்தி எடுத்தால், வாயில் ரத்தம் வந்தால் கட்டக்கூடாது. பக் மாதிரி சப்பை மூக்குக்கும் கட்டக்கூடாது. தெருநாய் கடித்துவிட்டால் அது அடிபட்ட நாய், பாவம் என்று விடாதீர்கள், வெறிநோய் யாருக்கு இருக்கிறதென்று முகத்தில் எழுதியிருக்காது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் தடுப்பூசி. என் கூட வந்த பையன் ஒருத்தன் "சின்னக் கீறல்தான் அக்கா" என்று மூன்று நாள் ஓட்டினான், அவனைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

கிளம்பும்போதே கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். "நாய் அடிபட்டுவிட்டது, சீக்கிரம் வாருங்கள்" என்று அழாமல், எத்தனை கிலோ, எப்போது அடிபட்டது, நினைவு இருக்கிறதா, மூச்சு எப்படி, ஈறு என்ன நிறம், ரத்தம் எங்கே என்று சொன்னால் நீங்கள் போய்ச் சேரும்போது ஆக்சிஜன் தயாராக இருக்கும். சில இடங்களில் "எங்களிடம் ஆக்சிஜன் இல்லை, வேறு இடம் போங்கள்" என்றும் சொல்வார்கள், அதுவும் உபகாரம்தான், அரை மணி நேரம் மிச்சம். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ராத்திரியும் அவசரப் பிரிவு உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் ராத்திரி திறந்திருக்கும் இடம் எது என்று இன்றைக்கே விசாரித்து எண்ணைப் போனில் போட்டுவையுங்கள், அடிபட்ட பிறகு கூகுளில் தேடுவது நரகம்.

பூனைக்கார ஆச்சி:

போகிற வழியில் வலி தாங்காமல் கத்துகிறதே, வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் பாதி கொடுக்கலாமா? எங்கள் தெருவில் ஒருத்தர் பூனைக்குக் கொடுத்தேன் என்கிறார்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர்:

கூடாதம்மா, கூடவே கூடாது. 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியே ஒரு பூனையைக் கொல்லப் போதும். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ஈறு சேற்று நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும். அந்தத் தெருக்காரர் பூனையை உடனே காட்டச் சொல்லுங்கள். நாய்க்கும் ஐபுப்ரோஃபென் மாதிரி நம் மாத்திரைகள் வேண்டாம். ரத்த ஓட்டம் விழுந்திருக்கும் நேரத்தில் நாய்களுக்கே கொடுக்கும் மெலாக்சிகாம் என்ற வலி மருந்தைக்கூட நாங்கள் நிறுத்தி வைப்போம், சிறுநீரகம் அடிபடும்.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். பூனைக்கு நாயின் கணக்குப் போடாதீர்கள். நல்ல பூனைக்கு இதயம் நிமிடத்துக்கு 140 முதல் 220 வரை ஓடும். அதிர்ச்சியில் நாய்க்கு இதயம் வேகமாகும், பூனைக்குப் பல சமயம் மெதுவாகும், உடம்பும் சில்லிட்டுவிடும். அமைதியாகப் படுத்திருக்கிறதே என்று நினைப்போம், போய்க்கொண்டிருக்கும். துணியைச் சுற்றி, பெட்டியில் வைத்து, இருட்டாக்கிக் கொண்டுவாருங்கள்.

தாராபுரம் உழவன்:

நாய் பூனை பேச்சுக்கு நடுவே மாட்டையும் சொல்லிவிடுகிறேன். போன மாசம் பைபாஸில் ஒரு பசுவை லாரி தட்டிவிட்டுப் போய்விட்டது. நாங்கள் போகும்போது பக்கவாட்டில் கால் நீட்டிக் கிடந்தது, நாலு பேர் கொம்பைப் பிடித்து இழுத்து நிறுத்தப் பார்க்கிறார்கள். நல்லவேளை டாக்டர் போனில் சொன்னார், நிறுத்தாதே, நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்கார வை, இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டை அண்டை கொடு என்று. மாடு பக்கவாட்டிலேயே கிடந்தால் ஏப்பம் வெளியே வராமல் வயிறு உப்பி மூச்சை அடைத்துவிடுமாம். அடியைவிட உப்புசத்திலேயே போய்விடும். ஆடும் அப்படித்தான். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கும் போன் போட்டோம், வண்டி பகலில்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரிக்கு உள்ளூர் டாக்டர் எண் வேண்டும். கொம்பு ஒடிந்து ரத்தம் பீய்ச்சியதற்கு வேட்டியைக் கிழித்து அழுத்திப் பிடித்தது நான்தான், அந்த வேட்டி போயே போச்சு.

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. வியாழக்கிழமை எழுதுகிறேன்.

டாக்டர் சார் சொன்னது மாதிரியே ஞாயிற்றுக்கிழமை மணி மோசமானான். நீங்கள் முன்னாலேயே எழுதியிருக்காவிட்டால் அந்தக் கிளினிக்கில் போய்ச் சண்டை போட்டிருப்பேன். நெஞ்சில் இன்னொரு தடவை காற்று எடுத்தார்கள், அதன்பின் சேரவில்லை. திங்கள் சாயங்காலம் கஞ்சி குடித்தான். நேற்று காலில் பிளேட் வைத்தாகிவிட்டது. ஸ்கேன் மூன்று தடவை பார்த்தும் ஒரு தடவைக்குத்தான் காசு வாங்கினார், இதையும் எழுதிவிடுகிறேன்.

பூனை பற்றிக் கேட்டேன். மூன்றாம் மாடி பால்கனி. வாயைத் திறந்து மூச்சு விட்டதா என்று உதவியாளரிடம் கேட்டேன், ஆமாம் என்றார். அது பிழைக்கவில்லை. அந்த அம்மாவை அன்றைக்கு நான் முறைத்துப் பார்த்தது இப்போது நினைவுக்கு வந்து வந்து உறுத்துகிறது.

ஒரு சந்தேகம். இங்கே எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், இப்போது மணி உதட்டை நாலு தடவை தூக்கித் தூக்கிப் பார்க்கிறார். ஆனால் மணிக்கு ஈறு பாதிக்கு மேல் கறுப்பு. நிறம் எப்படித் தெரியும்?

மாட்டாஸ்பத்திரி டாக்டர்:

நாட்டு நாய்களில் நிறையப் பேருக்கு அப்படித்தான். ஈறில் திட்டுத் திட்டாகச் சிவப்பு இடம் இருந்தால் அங்கே அமுக்கிப் பாருங்கள். இல்லையென்றால் கீழ் இமையை லேசாக இழுத்து உள்பக்கம் பாருங்கள், அல்லது நாக்கு. நல்லா இருக்கும்போதே ஒரு தடவை பார்த்து, பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் அம்மாவை, அவனுக்கு எது இயல்பு என்று தெரிந்தால்தானே எது மாறியது என்று தெரியும். நாலு தடவை வேண்டாம், தையல் போட்ட நாய் கடுப்பாகிவிடும்.